திரும்பி வந்த விமானம்

என் பங்கில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரின் குடும்பம் இருக்கிறது. வீட்டை அடகு வைத்து, கைப்பணத்தையும் போட்டு, ஒரே மகனை விமானப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மகன் நன்கு பயின்றான். நம் நாட்டுச் சட்டம் கேட்கும் 200 மணி நேரம் பறந்து, வணிக விமானி உரிமமும் பெற்றுத் திரும்பினான். அதன் பின் ஈராண்டு கழிந்தும் வேலை கிடைக்கவில்லை. திருமண வீடுகளுக்குப் போவதைக்கூட அவன் நிறுத்திவிட்டான், "தம்பி எப்போது பறக்கப் போகிறான்?" என்ற கேள்விக்கு அவனிடம் விடை இல்லை.

சென்ற ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின் நான் அலாஸ்கா செல்ல ஆயத்தமானபோது அவனுடைய தாய் அறைவீட்டுக்கு வந்தார். "ஃபாதர், அங்கே குறைந்த மணி நேரம் பறந்தவர்களுக்கும் சரக்கு விமானங்களில் வேலை கிடைக்கிறதாம். மகன் சொல்கிறான். கொஞ்சம் விசாரித்து வாருங்கள்" என்றார். என்னோடு குருமடத்தில் பயின்ற நண்பர் அங்கே பணியாற்றுகிறார். அவரைக் காணப் புறப்பட்ட எனக்கு, இவ்வாறு இரண்டாவதாக ஓர் அலுவலும் சேர்ந்தது.

அலாஸ்காவின் பெருநகர் ஆங்கரேஜ். அதன் விமான நிலையம் உலகிலேயே மிகப் பெருமளவு சரக்கைக் கையாளும் நிலையங்களுள் ஒன்று. ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே பறக்கும் சரக்கு விமானங்கள், எரிபொருளைக் குறைத்துச் சரக்கைக் கூட்டி ஏற்றிக்கொண்டு வருகின்றன. நடுவழியில் இங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. மாளிகை போன்ற அவ்விமானங்கள் வரிசையாக நிற்பதைக் கண்ணாடி வழியே கண்டபோது, அத்தாயின் மகன் கண்ட கனவு எது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் அக்கனவின் முதற்படி அங்கே இல்லை. அதைக் காண இன்னும் ஏறத்தாழ 640 கிலோமீட்டர் மேற்கே போக வேண்டியிருந்தது.

அவ்வூரின் பெயர் பெத்தேல். 1885ஆம் ஆண்டு மொராவிய சபையின் மறைபரப்பாளர்கள் விவிலியத்திலிருந்து எடுத்து வைத்த பெயர் அது. யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்து உறங்கி, விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே ஏணியைக் கண்ட இடம் பெத்தேல் என்பதை வாசகர் அறிவர். குஸ்கோக்விம் என்னும் பேராற்றின் கரையில் ஏறத்தாழ ஆறாயிரம் மக்கள் வாழும் ஊர் இது. இவர்களுள் பெரும்பாலோர் யூப்பிக் இனத்தவர். சுற்றிலும் மரமற்ற சமவெளி, எண்ணிலடங்காக் குளங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களுக்கு இதுவே சந்தையும் மருத்துவமனையும். எனினும் ஆங்கரேஜிலிருந்து இவ்வூருக்குச் சாலை கிடையாது. விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். அதை விட்டால் கோடையில் கடலும் ஆறும்தான் வழி.

உள்ளூர்ப் போக்குவரத்துக்கு ஆறே நெடுஞ்சாலை. குளிர்காலத்தில் அது உறைந்து கெட்டியாகிறது. மேலே கார்களும் லாரிகளும் ஓடுகின்றன. கோடையில் படகுகள் ஓடுகின்றன. நான் போய் இறங்கியதோ இரண்டுக்கும் நடுவிலான காலம். பனிக்கட்டி வெடித்து நகரத் தொடங்கியிருந்தது. வண்டி ஓட்டினால் மூழ்கும். படகு விட்டால் நொறுங்கும். அந்தச் சில வாரங்களுக்கு வானம் ஒன்றே வழி.

"இங்கே பங்குத்தந்தையின் கையில் திருப்பலி நூலோடு வானிலை அறிக்கையும் இருக்க வேண்டும்" என்று சிரித்தார் நண்பர். அவர் பணியாற்றும் ஃபேர்பேங்க்ஸ் மறைமாவட்டம் பரப்பளவில் அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. பல பங்குகளுக்கு விமானத்தில்தான் போக முடியும்.

மறுநாள் காலை அவர் என்னை விமானச் சரக்குக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றார். பால், முட்டை, வெங்காயம், குளிர்பானம், குழந்தைகளுக்கான அணையாடை, படகு எஞ்சினின் உதிரிப் பாகங்கள் எல்லாம் மலை போல் குவிந்திருந்தன. 1972 முதல் அலாஸ்காவில் ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது. சிற்றூர்க் கடைகளுக்கான பொருள்கள் குறைந்தது ஆயிரம் பவுண்டு கொண்ட கட்டுகளாக, அஞ்சல் நிலையத்துக்குள் நுழையாமலே, அஞ்சல் கட்டணத்தில் நேரே விமானத்தில் ஏறுகின்றன. அவற்றை ஏற்றியும் இறக்கியும் பறப்பவர்கள்தாம் நான் தேடி வந்த இளைஞர்கள்.

அவர்களுள் ஒருவர் நண்பரின் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வருபவர். தம் பெயரை எழுத வேண்டாம் என்றார். இளைஞர் என்றே குறிப்பிடுகிறேன். இருபத்தைந்து வயது, அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஓர் உழவர் குடும்பம். வேலைக்கிடையே ஒரு பால் பெட்டியின் மேல் அமர்ந்து என் கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொன்னார்.

"எங்கள் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்குப் பொதுவாக 250 மணி நேரம் வேண்டும், ஃபாதர். பயணிகள் விமான நிறுவனத்தில் சேர 1,500 மணி வேண்டும். நடுவே இருக்கும் 1,250 மணியை எங்கே பறப்பது? அதுதான் எங்கள் எல்லாருடைய கேள்வியும்."

இந்த 1,500 என்னும் கணக்குக்கு ஒரு துயர வரலாறு உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். இறந்தோரின் குடும்பத்தினர் விடாது போராடினர். அதன் பயனாக 2010இல் சட்டம் இயற்றப்பட்டு, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் கட்டாயமாயிற்று. இராணுவத்தில் பறந்தோருக்கும், குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களில் பயின்றோருக்கும் ஓரளவு சலுகை உண்டு.

ஆனால் வாடகைக்குப் பறக்கும் சிறு விமானங்களுக்கு விதி வேறு. நிலத்தையும் அடிவானத்தையும் கண்ணால் பார்த்தே பறப்பதாயின், 500 மணி நேரம் பறந்தவர் விமானத்தின் பொறுப்பை ஏற்கலாம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க 1,200 மணி வேண்டும். ஆகவே இளையோர் முதலில் பயிற்றுநராகிப் பிறருக்குக் கற்பிக்கின்றனர். விளம்பரத் துணியை இழுத்துப் பறக்கின்றனர். எண்ணெய்க் குழாய்களைப் பார்வையிடுகின்றனர். 500 ஆனதும் சிறு சரக்கு விமானங்களைத் தேடி வருகின்றனர். அந்நாட்டின் பிற பகுதிகளிலும் இதே கதைதான். சிற்றூரின் பொட்டலங்களை மாலையில் பெருநகருக்குக் கொண்டு சேர்ப்பதும், விடியுமுன் அங்கிருந்து வேறு பொட்டலங்களோடு திரும்புவதும் இத்தகைய விமானிகளே. நம் கைக்குப் பொட்டலம் வரும்போது அதன் வழியில் ஓர் இளைஞன் தனியே இரவில் பறந்திருப்பான் என்று நாம் நினைப்பதில்லை.

இளைஞர் ஓட்டுவது செஸ்னா காரவான் என்னும் ஒற்றை எஞ்சின் விமானம். 1982இல் முதன்முதலாகப் பறந்த வகை. தேவைக்கேற்ப இருக்கைகளைக் கழற்றிச் சரக்கு ஏற்றலாம். வயிற்றுக்கடியிலும் ஒரு சரக்குப் பெட்டி உண்டு. துணை விமானி இல்லை, பணிப்பெண் இல்லை. எடை போடுவது, அடுக்குவது, வலையால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் விமானியின் வேலையே. கனமான பொருளைப் பின்னால் மிகுதியாக வைத்தால் மூக்கு மேலே தூக்கி விமானம் கட்டுக்கடங்காமற் போகும். "வெங்காய மூட்டையைத் தூக்கவா விமானியானாய் என்று என் தந்தை கேட்டார். அந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது தெரியாதவன் விமானியே அல்ல என்று எழுதினேன்" என்றார் இளைஞர்.

பிறகு தம் பயணக் குறிப்பேட்டைக் காட்டினார். அதில் மணிகள் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிடப்படுகின்றன. 0.3, 0.4, 0.3 என்று பக்கம் பக்கமாக வரிசைகள். ஊருக்கு ஊர் தத்தித் தத்திப் பறப்பதால் நாள் முழுதும் உழைத்தும் சில மணிகளே சேர்கின்றன. அவ்வாறு எறும்பு சேர்ப்பது போலச் சேர்த்து 840 ஆகியிருந்தது.

இந்த ஆற்றுப் பகுதிக்கு விமானம் வந்த கதையும் அஞ்சல் மூட்டையோடுதான் தொடங்குகிறது. 1924 பிப்ரவரி 21 அன்று கார்ல் பென் ஐல்சன் என்னும் பள்ளி ஆசிரியர், ஃபேர்பேங்க்ஸிலிருந்து இதே குஸ்கோக்விம் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள மெக்ராத் ஊருக்கு அலாஸ்காவின் முதல் விமான அஞ்சலைக் கொண்டு சென்றார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு ஏறத்தாழ மூன்று வாரமான வழியை மூன்று மணிக்குள் கடந்தார். 1929 நவம்பரில், பனியில் சிக்கிய ஒரு கப்பலிலிருந்து மக்களையும் சரக்கையும் மீட்கப் பறந்தபோது சைபீரியாவில் விழுந்து மாண்டார். அடுத்த ஆண்டே நம் திருச்சபையும் ஒரு விலை கொடுத்தது. மறைபரப்புப் பணிக்கென வாங்கிய 'மார்க்கெட் மிஷனரி' என்னும் விமானம் 1930 அக்டோபர் 12 அன்று கோட்செபூவில் வீழ்ந்தது. அலாஸ்கா மறைப்பணியின் தலைவரான சேசு சபைக் குரு பிலிப் டெலோன், குரு வில்லியம் வால்ஷ், விமானி ரால்ஃப் வீன் மூவரும் இறந்தனர். கோட்செபூ விமான நிலையம் இன்றும் அவ்விமானியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

சனிக்கிழமை வந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் மூன்று பிள்ளைகளுக்குப் புதுநன்மை. நண்பரும் நானும் புறப்பட்டோம். எங்களோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் யூப்பிக் மூதாட்டி ஒருவரும் வந்தார். எஞ்சிய இடமெல்லாம் ஊர்க் கடைக்கான பால், முட்டை, மாவு. விமானி நம் இளைஞரே. நாற்பது நிமிடப் பயணம் என்றார். புறப்படுமுன் வரைபடத்தில் ஆற்றின் ஒரு வளைவை விரலால் தொட்டு, "இந்த வளைவுக்கு மேலே வரும்போது அடுத்த வளைவு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரும்பிவிடுவேன்" என்றார். நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

முதல் இருபது நிமிடம் வெயில். கீழே ஆற்றில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நகர்ந்தன. பிறகு மெல்ல நிறம் மாறிற்று. மேலே வெண்மேகம், கீழே உருகாத வெண்பனி. இரண்டும் ஒன்றாய்க் கலந்து, எது வானம் எது நிலம் என்று கூற இயலாமற் போயிற்று. ஒரு பால் கிண்ணத்துக்குள் மிதப்பது போலிருந்தது. அடிவானம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் காதின் உட்பகுதி பொய் சொல்லும் என்று இளைஞர் முன்பே கூறியிருந்தார். சாய்ந்து பறப்பவன் நேராகப் பறப்பதாகவே உணர்வான். இறங்குபவனுக்கு இறங்குவது தெரியாது. நல்ல நிலையிலுள்ள விமானம், உடல் நலமுள்ள விமானியோடு, நேரே நிலத்தில் மோதும் விபத்துகள் இவ்வாறுதான் நிகழ்கின்றன.

மேகத்தின் அடிமட்டம் ஆயிரம் அடிக்குக் கீழே இருந்தால் குறைந்தது இரண்டு மைல் தொலைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதும், பகலில் நிலத்திலிருந்து 500 அடிக்குக் கீழே பறக்கலாகாது என்பதும் அங்கே இவ்வகை விமானங்களுக்குரிய விதி. ஆனால் வானத்தில் மைல்கல் நடப்பட்டிருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் தெளியும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். நாங்களும் அதையே நினைத்தோம். மூன்று பிள்ளைகளும் வெள்ளை உடையில் காத்திருப்பார்கள். இன்னும் பதினைந்தே நிமிடம்.

அந்த வளைவு வந்தது. அடுத்த வளைவு தெரியவில்லை. இளைஞர் ஒரு சொல்லும் பேசாமல் விமானத்தை மெதுவாகத் திருப்பினார். வெயில் மீண்டும் முகத்தில் பட்ட பிறகே, "மன்னிக்க வேண்டும் ஃபாதர், இன்று முடியாது" என்றார். நண்பர் தலையசைத்தார். எனக்கு உள்ளூர ஏமாற்றம். பக்கத்திலிருந்த மூதாட்டி என் முகத்தைப் பார்த்தார் போலும், தடுமாறிய ஆங்கிலத்தில், "என் அண்ணன் மகன் போன விமானம் திரும்பவில்லை. இது நல்ல பையன்" என்றார். அதற்குப் பின் நான் வாய் திறக்கவில்லை.

பெத்தேலில் இறங்கியதும், ஏற்றிய பெட்டிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அவரே மீண்டும் இறக்கினார். நானும் கை கொடுத்தேன். பாதி வேலையில் ஒரு செய்தி வந்தது. வேறொருவர் ஓட்டிய மற்றொரு விமானம் ஒரு மணி நேரம் கழித்து அதே ஊரில் இறங்கிவிட்டதாம். அதைக் கேட்ட இளைஞரின் முகம் கறுத்துப் போயிற்று. நரைத்த தலையுடைய மேலாளர் ஒருவர் கொட்டகை வாசலில் நின்று அவரைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு, "பாலைக் குளிர் அறையில் வைத்துவிடு. வானம் தெளிந்ததும் அந்த ஊருக்கு முதல் பயணம் உன்னுடையது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லா இடத்திலும் அத்தகைய மேலாளர் இருப்பதில்லை என்று இளைஞர் அன்றிரவு உணவின்போது கூறினார். "யாரும் போ என்று வற்புறுத்துவதில்லை, ஃபாதர். அவன் போனான், நீ ஏன் போகவில்லை என்றுகூடக் கேட்க மாட்டார்கள். நமக்குள்ளேயே அந்தக் கேள்வி எழும். சென்ற குளிர்காலத்தில் அப்படி ஒருமுறை போனேன். தப்பியது என் திறமையால் அல்ல. அன்றிலிருந்து திரும்ப வேண்டிய இடத்தைத் தரையில் இருக்கும்போதே முடிவு செய்துவிடுகிறேன். மேலே போனபின் மனம் நியாயம் பேசத் தொடங்கிவிடும்."

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முப்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் எனக்கு, இதைவிடத் தெளிவாக எவரும் சோதனையைப் பற்றிச் சொன்னதாக நினைவில்லை.

இப்பகுதியில் வீழ்ந்தோரின் துயரம் வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 1999இல் 'கேப்ஸ்டோன்' என்னும் திட்டத்தைப் பெத்தேலைச் சுற்றிய பகுதியில் தொடங்கிற்று. தான் இருக்கும் இடம், முன்னுள்ள நிலத்தின் உயரம், அருகே பறக்கும் பிற விமானங்கள் ஆகியவற்றைத் திரையில் காட்டும் கருவிகள் இங்குள்ள சிறு விமானங்களில் பொருத்தப்பட்டன. விபத்துகள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன. இங்கே சோதித்துத் தேறிய முறையே, தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏற்பாடாக, 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்க வானின் பெரும்பகுதியில் கட்டாயமாயிற்று. அலாஸ்காவின் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வானிலையைப் படமெடுத்துக் காட்டும் கேமராக்களும் நிறுவப்பட்டுள்ளன. எனினும் கருவி எதுவும் விமானத்தைத் திருப்புவதில்லை. திருப்ப வேண்டியது விமானியின் கைதான்.

திங்களன்று வானம் கண்ணாடி போல் இருந்தது. அதே பால், அதே மூதாட்டி, அதே நாங்கள். சரளைக்கல் ஓடுபாதையில் இறங்கியபோது நான்கு சக்கர மோட்டார் வண்டிகளில் ஊரார் வந்து பெட்டிகளை வாங்கிக்கொண்டனர். மூன்று பிள்ளைகளும் அன்று நற்கருணை உட்கொண்டனர். இரண்டு நாள் காத்திருந்ததைப் பற்றி அங்கே எவரும் முறையிடவில்லை. காத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்த கலை. விமானி கோயிலின் கடைசி வரிசையில் சிறிது நேரம் முழந்தாளிட்டுவிட்டு, அடுத்த ஊருக்கு வெங்காயம் கொண்டு போக வேண்டும் என்று வெளியே போனார்.

விடைபெறும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். "சனிக்கிழமை பாதி வழியில் திரும்பினோமே, அந்த நேரம் குறிப்பேட்டில் சேருமா?" அவர் ஏட்டைத் திறந்து காட்டினார். அந்த வரிசையில் 0.8 என்று எழுதியிருந்தது. "எல்லா மணியும் சேரும், ஃபாதர். போய்ச் சேர்ந்ததும் சேரும்; திரும்பி வந்ததும் சேரும்."

ஊர் திரும்பியதும் அந்தத் தாயைச் சந்தித்தேன். அந்நாட்டில் வேலை செய்யும் அனுமதியும், அந்நாட்டு உரிமமும் இல்லாமல் நம் பிள்ளை அங்கே நேரே போய்ச் சேர இயலாது என்ற உண்மையை முதலில் சொன்னேன். 200 மணியோடு அங்கும் எவரும் பெரிய விமானத்தில் ஏறுவதில்லை. அங்குள்ள பிள்ளைகளும் கடனோடுதான் தொடங்குகிறார்கள். பயிற்றுநராகி, மூட்டை தூக்கி, பத்தில் ஒரு பங்காக மணியைச் சேர்க்கிறார்கள் என்றும் சொன்னேன். மகன் சற்றுத் தள்ளி, கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பெத்தேலில் பாதி வழியில் திரும்பிய கதையைச் சொன்னபோது அருகே வந்து அமர்ந்தான்.

"ஃபாதர், அந்த மேலாளர் ஏன் அவரைத் திட்டவில்லை?" என்று கேட்டான். "நாளைக்கும் அவர் பறக்க வேண்டும் என்பதற்காக" என்றேன்.

வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஏதோ ஒரு தொழிலின் முதற்படியில் நின்று மூட்டை தூக்கிக்கொண்டிருக்கலாம். அவனிடம் எப்போது உயரப் போகிறாய் என்று நாள்தோறும் கேளாதீர்கள். அந்தக் கேள்விதான் மேகத்துக்குள் தள்ளுகிறது. அடுத்த வளைவு தெரியாத நாளில் அவன் திரும்பி வந்தால், கதவைத் திறந்து, பாலைக் குளிர் அறையில் வைக்கச் சொல்லுங்கள்.

அந்த இளைஞன் இப்போது ஒரு பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர் தகுதிக்குப் படித்து வருகிறான். கடன் இன்னும் அடையவில்லை. சென்ற வாரம் திருப்பலி முடிந்து அறைவீட்டுக்கு வந்து தன் குறிப்பேட்டைக் காட்டினான். கடைசி வரிசையில் 0.6 என்று எழுதியிருந்தது. மழை வந்ததால் திரும்பிவிட்டதாகச் சொன்னான். சொல்லும்போது தலை குனியவில்லை.